மீசை விழுந்தது... கூடமே சிரித்தது! - காசு வாங்காமல் சிரிக்கவைக்கும் அமெச்சூர் நாடகக்காரர்களின் கதை

உப்பளத்தில் எங்கள் தெருவில் அப்போதெல்லாம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாடகம் உண்டு. பெரிய நாடகம் எல்லாம் இல்லை. முக்கால் மணி நேர சிரிப்பு நாடகம். இடம், பக்கத்தில் இருந்த சமுதாயக் கூடம். காலையில் வளைகாப்பு நடந்திருக்கும். மாலையில் அதே மேடையில் இரண்டு வேட்டியைக் குறுக்கே கட்டினால் திரை ரெடி!

நான் எட்டாவது படித்த வருஷம், ஒரு போலி டாக்டர் கதை போட்டார்கள். கம்பவுண்டராக நடிக்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. "வசனம் எல்லாம் உனக்குத்தானே மனப்பாடம்" என்று என்னைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். பெரியவர் ஒருவரின் பழைய பேன்ட், இடுப்பில் கயிறு, மூக்குக்குக் கீழே ஒரு ஒட்டுமீசை.

வீட்டில்தான் சிக்கல். தாத்தா தவறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. "துக்க வீட்டுப் பிள்ளை மேடை ஏறி ஆடலாமா?" என்று அம்மா தயங்கினார். ஆயாதான், "புள்ள போகட்டும் விடு" என்றது.

நாடகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டாக்டருக்கு மருந்து கலக்கிக் கொடுக்கும் காட்சியில் நான் குனிந்தேன். மீசை கழன்று நேராக டம்ளருக்குள் விழுந்தது. எனக்கு வசனம் மறந்துவிட்டது. டாக்டராக நடித்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு நொடி டம்ளரைப் பார்த்தார். பிறகு நோயாளியிடம் நீட்டி, "குடி, ரெண்டே நாள்ல மீசை வளரும்" என்றார். நோயாளியாகப் படுத்திருந்தவருக்கு மீசை கிடையாது. கூடம் வெடித்தது.

வாசல் ஓரமாக, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆயா சிரித்துக்கொண்டிருந்தது. தாத்தா போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. வீடு திரும்பும் வழியில் மெதுவாக என்னிடம் கேட்டது: "நான் சிரிச்சது தப்பா பாப்பா?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது நிருபராகி, நாடகங்களைப் பற்றிப் படிக்கவும் எழுதவும் தொடங்கிய பிறகு, அந்தக் கேள்விக்கு நிறைய பேர் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தக் கதைதான் இது.

பூரணம் வைத்த நாடகம்!

சிரிப்பு ஒன்றையே குறியாக வைத்து, ஆள்மாறாட்டம், பொய்க்கு மேல் பொய், தப்பான கதவைத் திறப்பது என்று தலைதெறிக்க ஓடும் நாடகத்தை ஆங்கிலத்தில் 'ஃபார்ஸ்' என்பார்கள். அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து போனது. பிரெஞ்சு சமையலில் ஃபார்ஸ் என்றால் உள்ளே திணிக்கும் பூரணம். ஐரோப்பாவில் தேவாலயம் சார்ந்த பக்தி நாடகங்களுக்கு நடுவே, ஜனங்கள் அலுத்துப்போகாமல் இருக்கச் சிரிப்புக் காட்சிகளைத் திணித்தார்கள். கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி! அந்தத் திணிப்புக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிரெஞ்சு வாடை இன்னும் போகாத புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியுமா?

நம் ஊர் மேடையும் இப்படித்தான். தெருக்கூத்தில் எவ்வளவு பெரிய சோகம் நடந்தாலும் கட்டியக்காரன் வந்து ஒரு குத்தல் வைத்துவிட்டுப் போவார். தென்மாவட்ட இசை நாடகங்களில் 'பபூன்' இல்லாமல் இரவு நகராது. வள்ளி திருமணமாக இருந்தாலும் சரி, அரிச்சந்திரன் மயான காண்டமாக இருந்தாலும் சரி, அழுகைக்கு நடுவே சிரிப்புக்கு ஓர் இடம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள் நம் முன்னோர்கள்.

ராஜாவே எழுதிய காமெடி

நம் மண்ணின் சிரிப்பு நாடகத்துக்கு வயது என்ன தெரியுமா? சுமார் 1,400!

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதியது 'மத்தவிலாசப் பிரகசனம்'. பிரகசனம் என்றால் சிரிப்பு நாடகம். எழுதப்பட்டது சம்ஸ்கிருதத்தில். ஆனால் கதை நடப்பது காஞ்சிபுரம் வீதிகளில்.

கதை இதுதான். கபாலிகத் துறவி ஒருவர், காதலியோடு சேர்ந்து நன்றாகக் குடித்துவிட்டு வருகிறார். திடீரென்று பார்த்தால், பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணவில்லை! வழியில் வந்த புத்த பிட்சு ஒருவர் அங்கிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போக, "நீதான் திருடினாய்" என்று பிடித்துக்கொள்கிறார். சண்டையைத் தீர்க்க வருகிறார் பாசுபதர் ஒருவர். தீர்வதற்குப் பதில் சண்டை பெரிதாகிறது. கடைசியில், மண்டையோட்டில் இருந்த வறுத்த இறைச்சிக்கு ஆசைப்பட்டு நாய் தூக்கிப்போனதும், நாயிடமிருந்து அது ஒரு பித்தன் கைக்குப் போனதும் தெரியவருகிறது.

யோசித்துப் பாருங்கள். குகைக் கோயில்கள் குடைந்த ராஜா அவர். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று கல்வெட்டில் பெருமையோடு சொல்லிக்கொண்டவர். அவரே உட்கார்ந்து, துறவிகளின் போலித்தனத்தையும் லஞ்சத்தையும் கிண்டல் அடித்து எழுதியிருக்கிறார். கேரளத்தின் சாக்கியார்கள் இந்த நாடகத்தைத் தங்கள் மேடையில் பல தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

வக்கீல்கள் அரிதாரம் பூசிய காலம்

இன்று நாம் 'அமெச்சூர் குழு' என்று சொல்வதற்குத் தமிழில் பிள்ளையார் சுழி போட்டவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-ல் பிறந்தவர். வக்கீல். பிறகு சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தவர்.

ஆரம்பத்தில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது! பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழு அவர் மனதை மாற்றியது. வேலையில் இருக்கும், படித்த மனிதர்கள் ஒன்று சேர்ந்து ஆசைக்காக நாடகம் போடுவதைப் பார்த்தார். நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது. 1891-ல் நண்பர்களோடு சேர்ந்து 'சுகுண விலாச சபை'யை ஆரம்பித்தார்.

அப்போது நாடகத்தில் நடிப்பவர்களுக்கு ஊரில் என்ன மரியாதை தெரியுமா? 'கூத்தாடி' என்பது வசவுச்சொல். வாடகைக்கு வீடு கிடைக்காது, பெண் கொடுக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் வக்கீல்களும் அதிகாரிகளும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தியும் இந்தச் சபையின் மேடையில் நடித்தவர்தான். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். பம்மலாருக்கு ஜோடியாகப் பெண் வேடத்தில் பல ஆண்டுகள் நடித்த ரங்கவடிவேலுவும் ஒரு வக்கீல்!

சம்பளம் கிடையாது. கைக்காசு போட்டுத்தான் நாடகம். ஆனால் ஒத்திகைக்கு நேரத்துக்கு வர வேண்டும். விடிய விடிய ஓடும் பாட்டு நாடகங்களுக்கு மாற்றாக, சில மணி நேரத்தில் முடியும் வசன நாடகங்களை அவர் எழுதினார். மொத்தம் 90-க்கும் மேல். 'மனோகரா' அவற்றில் ஒன்று. நாடக மேடை நினைவுகளை அவர் ஆறு பாகங்களாக எழுதிவைத்தார். 1959-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. ஒரு காலத்தில் வசவாக இருந்த தொழிலுக்கு நாட்டின் விருது!

ஒரே பெயர், ரெண்டு அசடு

அவர் எழுதிய சிரிப்பு நாடகங்களில் இன்றும் பெயர் சொல்வது 'சபாபதி'. பணக்கார வீட்டுப் பையன் சபாபதி முதலியாருக்குப் புத்தி கொஞ்சம் மட்டு. அவனுடைய வேலைக்காரன் பெயரும் சபாபதி. அவன் எஜமானைவிட மட்டு. சொன்னதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து செய்கிறவன். இவ்வளவுதான் கதை. போதாதா?

1941-ல் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் இதைப் படமாக எடுத்தார். எஜமான் டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என்.ரத்தினம். சோடாவை உடைத்துக் கொண்டுவரச் சொன்னால் பாட்டிலையே உடைக்கிற காமெடியை உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இன்னும் சிரிப்பார்கள்.

இந்த வகை நாடகத்தின் ரகசியமே இதுதான். அதில் யாரும் ஜோக் சொல்வதில்லை. மேடையில் இருப்பவருக்கு அது வாழ்வா சாவா பிரச்னை. வேலைக்காரன் சபாபதி நிஜமாகவே எஜமான் சொல்லைக் காப்பாற்றத்தான் பார்க்கிறான். அவன் எவ்வளவு சீரியஸாக இருக்கிறானோ, நமக்கு அவ்வளவு சிரிப்பு வருகிறது. மேடையில் நடிகர் சிரித்துவிட்டால் கீழே சிரிப்பு நின்றுவிடும்.

ஆபீஸ் விட்டதும் ஒத்திகை

விடுதலைக்குப் பிறகு அமெச்சூர் நாடகம் அலுவலகங்களுக்குள் புகுந்தது. ரயில்வே, வங்கி, ஏ.ஜி.ஆபீஸ்... எங்கெல்லாம் ரிக்ரியேஷன் கிளப் இருந்ததோ அங்கெல்லாம் ஒரு நாடகம் இருந்தது.

தாராபுரத்திலிருந்து சென்னைக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த ஓர் ஒல்லி இளைஞர், ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடங்கள் மட்டும் வந்தார். அவர் துடித்த துடிப்பில் அரங்கம் சிரித்துப் புரண்டது. விழாவுக்குத் தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர், அந்தச் சின்ன வேடக்காரரை மேடையிலேயே பாராட்டினார். அந்த இளைஞர்தான் நாகேஷ்! ஏ.ஜி.ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிய கே.பாலசந்தரும் அவரும் 'சர்வர் சுந்தரம்' நாடகத்தில் சேர்ந்தது தமிழ் சினிமாவின் தனி அத்தியாயம்.

1952-ல் ஒய்.ஜி.பார்த்தசாரதியும் பட்டுவும் ஆரம்பித்த யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், பெயரிலேயே 'அமெச்சூர்' என்பதைப் பெருமையாக வைத்துக்கொண்டது. சோ, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர் என்று சபா மேடைகளில் அடுத்தடுத்து சிரிப்பு வரிசை.

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டுத் தொழிற்சாலை வேலையில் இருந்த மோகன், 1976-ல் எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக 'க்ரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகத்தின் பெயரில் இருந்த 'க்ரேஸி' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979-ல் சொந்தக் குழுவான க்ரேஸி கிரியேஷன்ஸ். தம்பி மாது பாலாஜி கதாநாயகன். நாயகிக்கு எப்போதும் ஜானகி என்றே பெயர். சிறுவயதில் தன்னை மேடை ஏற்றிய ஜானகி டீச்சருக்கு அவர் செலுத்திய நன்றி அது. 2019 ஜூன் 10-ல் அவர் மறைந்தபோது அஞ்சலிப் பதிவுகளில்கூட அவர் வசனங்களைச் சொல்லித்தான் எல்லோரும் அழுதார்கள். அழும்போதும் சிரிப்பு வந்தது. இதைவிட ஒரு நாடகக்காரருக்கு என்ன வேண்டும்?

ஒரு காலத்தில் ஆண்கள் சேலை கட்டிய மேடை, பிறகு தலைகீழாக மாறியதும் நடந்தது. 'பாம்பே' ஞானம் நடத்திய மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவில் நடித்தவர்கள் எல்லோருமே பெண்கள். மாமனார், மாப்பிள்ளை, புரோக்கர் என ஆண் வேடங்களும் அவர்களே! ஒட்டுமீசையோடு நின்ற எட்டாவது வகுப்புப் பெண்ணுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் கூச்சம் குறைந்திருக்கும்.

துக்கத்தில் சிரிக்கலாமா?

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருவோம். பதில் புதுச்சேரியிலேயே இருக்கிறது.

2015 நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல்கள் நடந்தன. ஓர் இசை அரங்கிலேயே ஏராளமானவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில், பிரான்ஸின் புகழ்பெற்ற தேயாத்ர் து சொலெய் நாடகக் குழு, அதன் இயக்குநர் ஆரியான் முனுஷ்கினோடு புதுச்சேரிக்கு வந்தது. இப்படி ஒரு நேரத்தில் நாடகம் எதற்கு, எதைப் பற்றி நாடகம் போடுவது என்று அவர்கள் முன்னால் பெரிய கேள்வி நின்றது.

அவர்கள் இங்கிருந்து எடுத்துப்போன நாடகத்தின் பெயர் 'இந்தியாவில் ஓர் அறை'. 2016 இறுதியில் பாரிஸில் அரங்கேறியது. கதையில், இந்தியாவுக்கு வந்த ஒரு பிரெஞ்சு நாடகக் குழுவின் இயக்குநர் திடீரென்று கழன்றுகொள்கிறார். பொறுப்பு முழுவதும் உதவியாளரான கொர்னேலியா தலையில் விழுகிறது. நாடகம் எது என்றே அவருக்குத் தெரியாது! இரவெல்லாம் கெட்ட கனவுகள். அந்தக் கனவுகளில் உலகத்தின் பயங்கரங்கள் எல்லாம் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் கேலியாக, சிரிப்பாக வருகின்றன. நடுவே நம் தெருக்கூத்து! புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் கூத்து கற்று, பிரெஞ்சு நடிகர்கள் பாரதக் காட்சிகளை ஆடினார்கள்.

பெரிய துக்கத்துக்கு நடுவே ஒரு பெரிய குழு தேர்ந்தெடுத்த வழி சிரிப்பு. அதற்குத் துணை தேடி வந்த இடம் புதுச்சேரி.

இந்த ஊருக்கு நாடகத்தோடு இன்னொரு பந்தமும் உண்டு. தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று மறைந்தது புதுச்சேரியில்தான். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி, பாடி வணங்குகிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான்.

உங்கள் தெருவிலும் ஒரு நாடகம் போடலாமா?

தாராளமாக! இதோ சில குறிப்புகள்.

கதை: பம்மல் சம்பந்த முதலியார் 1964-ல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் முடிந்தால் காப்புரிமை தீர்ந்துவிடும். எனவே, 'சபாபதி'யை இன்று யார் வேண்டுமானாலும் போடலாம். சட்டத்தில் இன்னொரு சலுகையும் இருக்கிறது. அமெச்சூர் குழு, டிக்கெட் வசூலிக்காமல் பார்வையாளர்களுக்கு நாடகம் போட்டால் அது காப்புரிமை மீறல் ஆகாது. ஆனாலும், இப்போது எழுதிக்கொண்டிருப்பவரின் நாடகம் என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் மரியாதை.

ஆட்கள்: ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எல்லோருடைய வசனமும் தெரிந்த ஒருவர் திரைக்குப் பின்னால் இருக்கட்டும். யாருக்கு எப்போது அம்மை போடும் என்று சொல்ல முடியாது!

மேடை: சின்னக் கூடம் போதும். ஆனால் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி கட்டாயம். ஒருவர் இந்தப் பக்கம் போகும்போது அவர் தேடும் ஆள் அந்தப் பக்கம் வந்தால், பாதி நாடகம் முடிந்துவிட்டது.

ஒத்திகை: சிரிப்பு நாடகத்துக்குத்தான் அதிக ஒத்திகை தேவை. சோகக் காட்சியில் அரை நொடி தாமதித்தால் நடிப்பு என்பார்கள். சிரிப்புக் காட்சியில் அரை நொடி பிந்தினால் ஜோக் செத்துவிடும். ஜனங்கள் சிரிக்கும்போது அடுத்த வசனத்தைச் சொல்லாதீர்கள். சிரிப்பு இறங்கத் தொடங்கும்போது பிடியுங்கள்.

யாரைக் கிண்டல் செய்வது: மகேந்திரவர்மன் காட்டிய வழிதான். அதிகாரம் உள்ளவரை, போலியை, தற்பெருமையைக் கிண்டல் செய்யுங்கள். யாருடைய உடலையும், நிறத்தையும், சாதியையும் வைத்துச் சிரிப்பு வாங்காதீர்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பது உங்கள் தெருக்காரர்.

இன்னும் ஒரு முறை

எங்கள் தெரு நாடகம் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. டாக்டராக நடித்த அண்ணன் வேலைக்காக வெளியூர் போய்விட்டார். அம்மை போட்ட பையன் இப்போது ஷிஃப்ட் வேலையில் இருக்கிறான். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அதில் அரை நிமிடத்துக்கு ஒரு காமெடி ஓடுகிறது. நானும் பார்க்கிறேன், சிரிக்கிறேன்.

ஆனால், போனில் விழும் மீசைக்கும் கூடத்தில் விழும் மீசைக்கும் வித்தியாசம் இருக்கிறது. போனில் நான் மட்டும் சிரிக்கிறேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில், எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்து அழுத அதே ஜனங்கள்தான் ஆயாவைச் சுற்றி நின்று சிரித்தார்கள். தெரிந்த முகங்கள் சிரித்ததால்தான் அதுவும் சிரித்தது. யாரும் அதைத் தப்பாகப் பார்க்கவில்லை.

போன வாரம் ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். காஞ்சிபுரத்து ராஜா கதையைக் கேட்டது. மண்டையோட்டை நாய் தூக்கிப்போன இடத்தில் சிரித்தது. "அன்னிக்குக் கேட்டியே ஆயா, சிரிச்சது தப்பான்னு... தப்பே இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டது: "அது சரி, அந்த மீசைய அப்புறம் டம்ளர்லேர்ந்து எடுத்தீங்களா, இல்லியா?"